பதினான்கு நாற்காலிகள்

எங்கள் ஊரில் சொந்தமாகப் பாட்டுக் கட்டும் குழுக்கள் நான்கு, மொத்தம் பதினான்கு பேர். மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஜெரால்டு வீட்டு மொட்டை மாடியில் கச்சேரி. ஒரு குழு வாசிக்கும், மற்ற மூன்றும் எதிரே உட்கார்ந்து கைதட்டும். வேறு யாரும் வந்ததில்லை. “சினிமாப் பாட்டுன்னா சொல்லுங்க, வர்றோம்” என்று பக்கத்து வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிறு, கடைசிப் பாட்டை எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றாள் எங்கள் குழுவில் பாடும் ரெஜினா. பல்லவி முடிந்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், எதிரே அத்தனை நாற்காலியும் காலி. டிரம்ஸில் ஜெரால்டு ஒரு அடியைத் தவறவிட்டான். “யாராச்சும் ஒருத்தர் போய் உக்காருங்கப்பா” என்றான். யாரும் நகரவில்லை. அப்போது வாடகை நாற்காலிகளை எடுத்துப்போக சாகுல் அண்ணன் படியேறி வந்தார். பதின்மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “முடிச்சிருவீங்கள்ல?” என்று கேட்டுவிட்டு மிச்சமிருந்த ஒன்றில் உட்கார்ந்தார். பாட்டு முடியும் இடம் வந்தது. ரெஜினா என்னைப் பார்த்தாள். மறுபடி பல்லவிக்குப் போனோம். பிறகு இன்னொரு முறை. ஆறாவது தடவை அவர் வலது கால் ஆட ஆரம்பித்தது. தாளத்துக்கா, அவசரத்துக்கா, தெரியவில்லை. ஜெரால்டு அந்தக் காலையே பார்த்தபடி அதன் வேகத்துக்கு வாசிக்கத் தொடங்கினான்.