ஒரே ஆட்டம் ஆடியவர்கள்

"கிளப்பை விட்டுக் கிளம்பற தேதி முடிவாயிடுச்சா தம்பி?"

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி பொப்பிங்கா கேட்டார். தூறலில் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் பேனா.

வேலிக்கு அந்தப் பக்கம், பயிற்சி முடிந்து சேறும் வேர்வையுமாக நின்ற ஓன்னோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"போன வாரம் டீக்கடையில சொல்லிட்டிருந்தீங்களே. கால்பந்து போதும், வருங்கால மாமனாரோட டைல்ஸ் கடையில சேரப் போறேன்னு. பக்கத்துலதான் நின்னேன். நல்ல முடிவு. போறதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து."

அட்டையில் ஓன்னோவின் படம். வட ஜெர்மனியில், கடலோரத்தில் உள்ள சின்ன ஊர் கிளப் அது. மூன்றாம் டிவிஷன். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் படம் போட்ட அட்டை அச்சடித்து ஆபீசில் சும்மா கொடுப்பார்கள். ரசிகர்கள் அதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஓன்னோவின் அட்டைக்கட்டை மட்டும் இதுவரை யாரும் பிரிக்கவில்லை.

"என் கையெழுத்தா?" முகமெல்லாம் மலர்ந்து பேனாவை வாங்கினான்.

"ஆமா. ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுக் காணாமப் போனவங்க அட்டையா சேர்த்துட்டு வரேன். நீங்க சரியா ஒண்ணு. அதுவும் கடைசி நிமிஷத்துல மாத்தாளா இறங்கினதுதான்."

பேனா நின்றது.

"இந்த வகை ரொம்ப அபூர்வம் தம்பி. பாதிப் பேர் எப்படியாவது இன்னொரு ஆட்டம் ஆடிக் கெடுத்துடறாங்க. உங்ககிட்ட அந்தப் பயம் இல்ல."

"போட மாட்டேன்." பேனாவை வேலிக்கு மேலாக நீட்டினான் ஓன்னோ.

"பரவாயில்ல. அடுத்த வாரம் வரேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் இருப்பீங்கல்ல?"

மைதானத்து டீக்கடைக்காரி அன்னெக்ரெட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பையன்மேல் அவளுக்குப் பாசம். இருந்து பாருடா என்று எவ்வளவோ சொல்லியும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"ஏன் சார், உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"பட்டாணி சூப்புல உப்பு கம்மி" என்றார் பொப்பிங்கா.

பக்கத்து ஊர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் அவர். ரொம்ப நாளாக வருகிறார். வேலியோரம் நிற்பார், கையெழுத்து வாங்குவார், சாசேஜ் தின்பார், போய்விடுவார். என்ன சேர்க்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது மைதானம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பையன்கள் அவருக்குப் பிணந்தின்னிக் கழுகு என்று பெயர் வைத்தார்கள்.

கழுகு வாராவாரம் வந்தது.

"இன்னும் கிளம்பலையா தம்பி?"

"இல்ல."

"டைல்ஸ் கடையில ஆள் தேடுவாங்களே."

"தேடட்டும்."

"ஆல்பத்துல ஒரு பக்கம் காலியா கிடக்கு."

"கிடக்கட்டும்!"

கிறிஸ்துமஸ் வந்தது. ஓன்னோ போகவில்லை.

"அக்கா, போறது போகத்தான் போறேன். ஆனா அந்த ஆளு ஆல்பத்துல மட்டும் போய் உட்கார மாட்டேன். இன்னொரு ஆட்டம் ஆடி அவர் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் டைல்ஸ் ஒட்டப் போவேன்" என்றான் அன்னெக்ரெட்டிடம்.

எல்லோரும் போன பிறகு தனியாக நின்று இடது காலால் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். அவன் ஒருவனுக்காக விளக்கு எரிகிறதே என்று பயிற்சியாளர் திட்ட வந்தார். வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். திட்ட மறந்து போய்விட்டார்.

வசந்தத்தில் முன்வரிசையில் ஆடும் இன்னொரு பையனுக்குத் தொடையில் பிடித்துக்கொள்ள, ஓன்னோவை முதல் நிமிடத்திலிருந்தே இறக்கினார்கள். டீக்கடையிலிருந்து பார்த்தால் பாதி மைதானம்தான் தெரியும். தெரிந்த பாதியில் எங்கே பார்த்தாலும் அவன்தான் ஓடிக்கொண்டிருந்தான் என்று அன்னெக்ரெட் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

ஆட்டத்தில் தோற்றார்கள். அது வேறு விஷயம்.

விசில் ஊதியதும் ஓன்னோ உடை மாற்றப் போகவில்லை. நேராக வேலிக்கு ஓடிவந்தான்.

"எங்கே அந்த அட்டை? குடுங்க!"

கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் பொப்பிங்கா. படத்தின் முகமே மறைகிற மாதிரி பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். அதன் கீழே, "இரண்டு ஆட்டம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டான்.

பொப்பிங்கா அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கெடுத்துட்டீங்களே தம்பி."

"அடுத்த வாரமும் நான்தான் இறங்கறேன். கோச் சொல்லிட்டார்."

"உங்க மாமனார் பாவம்."

ஓன்னோ வாய்விட்டுச் சிரித்தபடி ஓடினான்.

அன்னெக்ரெட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொப்பிங்கா வந்து நின்றதும், கேட்காமலேயே சாசேஜ்மேல் கடுகு விழுதை அள்ளிப் போட்டாள்.

"நல்லா வேணும் சார் உங்களுக்கு. ஆசையா காத்திருந்த பக்கம் போச்சா?"

"எந்தப் பக்கம்?"

"அதான், ஒரே ஆட்டம் ஆடி ஒழிஞ்சு போனவங்களைச் சேர்க்கறீங்களே, அந்த ஆல்பத்துல!"

பொப்பிங்கா மீசையில் ஒட்டிய கடுகைத் துடைத்துக்கொண்டார்.

"அதையெல்லாம் யாராவது சேர்ப்பாங்களாம்மா? நான் கோல்கீப்பருங்க அட்டை மட்டும்தான் சேர்க்கறேன்."