தண்ணீர் நிற்கும் இடம்

கவிழ்த்த வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

முன்னால், வீட்டின் பின்முற்றத்தில், ஆட்கள் இறங்கி உட்காரும் சுடுநீர்த் தொட்டி. சூட்டை நிறுத்தி மூன்று மணித்தியாலம். ஆவி இன்னும் அடங்கவில்லை. சுற்றிவர முழங்கால் உயரத்துக்குப் பனி. அடியில் கசிந்த தண்ணீர் உறைந்து, கால் வைத்தால் சறுக்குகிற மாதிரிப் படர்ந்து கிடந்தது.

பக்கப் பலகைகளைக் கழற்றியிருந்தாள். உள்ளே, சூடு காக்கும் மஞ்சள் நுரை. அதில் இரண்டு பெரிய பொந்துகள். போன கிழமை அவளோடு வேலை செய்யும் சயந்தனும் இன்னொருவனும் ஒழுக்குத் தேடி வந்து தோண்டியவை. ஈரம் கண்ட இடத்தில் தோண்டியிருந்தார்கள்.

நுரைக்குள் தண்ணீர் நேரே விழாது. ஓரிடத்தில் புகுந்து, உள்ளுக்குள் அலைந்து, வேறெங்கோ சொட்டும். ஈரத்தைத் துரத்துகிறவன் நுரையைத்தான் கிண்டுவான்.

அவள் துரத்தவில்லை. தண்ணீரை அதன்பாட்டில் இறங்க விட்டாள். ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவரைக்கும்தான் இறங்கும்.

அரை மணிக்கு ஒருக்கால் எழுந்து, நீர்மட்டத்தில் ஒரு துண்டு நீல டேப் ஒட்டினாள். ஆறு துண்டு ஆகிவிட்டது.

குழாய்கள் உறையாமலிருக்கப் பலகை இருந்த இடத்தில் சின்ன ஹீற்றர் ஒன்று எரிந்தது.

அவளுக்கென்று ஒன்றும் எரியவில்லை.

கதவு திறந்தது. வீட்டுக்காரர் குகேந்திரன் தலையை மட்டும் வெளியே நீட்டினார். மாலையில் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். தொட்டியைக் காட்ட வேண்டும்.

"என்ன, குந்திக்கொண்டிருக்கவோ வந்தனீங்கள்?"

"தண்ணி இறங்கட்டும், ஐயா."

"இறங்கிறதை நிப்பாட்டத்தானே உங்களைக் கூப்பிட்டது!"

கதவு அடிபட்டுச் சாத்திக்கொண்டது.

பத்து நிமிடம் போகவில்லை. போன் அடித்தது. முதலாளி.

"அக்கா, அந்த மனுசன் கத்துறார். சயந்தன் வாறான். வான் திறப்பை அவனிட்டைக் குடுத்திட்டு விலகுங்கோ. நாளையிலயிருந்து பழையபடி கழுவுற வேலை பாருங்கோ. அது உங்களுக்குச் சுகம்தானே?"

சுகம்.

ஒன்பது வருடம் மற்றவர்களின் தொட்டிகளில் குனிந்து அழுக்கு உரசியவள். போன மாதம்தான் அந்தத் திறப்பு, வேலை வானின் சாவி, அவள் கைக்கு வந்தது. தனியாகப் பிடிக்க வந்த முதல் ஒழுக்கு இது.

அவள் போனை அணைத்து ஜாக்கெட்டுக்குள் போட்டாள்.

ஏழாவது துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆறாவதின் மேலேயே ஒட்ட வேண்டியிருந்தது.

நின்றுவிட்டது.

அந்த மட்டத்தில், தண்ணீர் பீய்ச்சும் துவாரங்கள் நான்கு. ஒழுக்கு அந்த நான்கில் ஒன்றில். எது என்று பார்க்க, அவை மூழ்க வேண்டும். வெளிக் குழாயைக் குளிருக்குப் பூட்டியிருந்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள், சமைக்கும் குசினிக்கு நடந்தாள்.

காலையில் வந்தபோது வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனவள்.

இப்போது கழற்றவில்லை. கழற்றிக் கட்ட நேரம் போகும். சயந்தன் எந்தத் திருப்பத்தில் வருகிறானோ.

"சப்பாத்து! சப்பாத்து!" குகேந்திரன் பின்னாலேயே ஓடிவந்தார். "சாமியறை வாசலால போறீங்கள், மனுசி!"

அவள் குழாயைத் திறந்தாள். வாளி நிரம்பும் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு நடை. வெள்ளைத் தரையில் சப்பாத்துத் தடம், போக ஒரு வரி, வர ஒரு வரி.

சாமான் பையிலிருந்து, கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயத்தை எடுத்தாள். முதல் துவாரத்தின் முன்னால் ஒரு சொட்டு. புகையாகக் கலைந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும்.

நான்காவதில் சாயம் நூலாக நீண்டது. வளைந்தது. துவாரத்தின் விளிம்புக்குள் இழுபட்டு மறைந்தது.

இரண்டு பொந்துகளுக்கும் எதிர் மூலை.

ஊற்றிய தண்ணீரை மறுபடி மொண்டு வெளியே வீசினாள். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். துவாரத்தைச் சுற்றி ஒழுக்கை அடைக்கும் ரப்பர் வளையத்தின் பள்ளத்தை விரல்தான் அறியும், கையுறை அறியாது. கொஞ்ச நேரத்தில் விரலும் அறியவில்லை. கக்கத்துக்குள் வைத்துச் சூடேற்றினாள். திரும்பவும் விட்டாள். திரும்பவும் வைத்தாள்.

பழைய வளையம் வெளியே வந்தது. ஒரு பக்கம் வெடித்திருந்தது.

புதியதைப் போட்டு முறுக்கினாள். அளவாக.

மறுபடி ஏழு நடை. இந்த முறை குகேந்திரன் ஒரு துணியோடு சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

நான்காவது துவாரத்தின் முன்னால் ஒரு சொட்டுச் சாயம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

எந்தப் பக்கமும் இழுபடவில்லை. மெல்ல அகன்று, புகையாகக் கலைந்தது. மற்ற மூன்றையும் போல.

வாசலில் கார் வந்து நின்றது. சயந்தன் கைகளைத் தேய்த்துக்கொண்டே பனிக்குள்ளால் வந்தான். தான் தோண்டிய பொந்தை ஒருதரம் பார்த்தான். நீல டேப்புகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"திறப்பை வாங்கச் சொன்னவர், அக்கா."

அவள் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டாள். எடுத்ததை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

வெடித்த ரப்பர் வளையம்.

"பலகையைப் பூட்டி, தண்ணியை நிரப்பிப்போட்டு வாரும், தம்பி."

சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வானில் ஏறினாள். திறப்பைத் திருக முதலில் விரல் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள்.

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில், அவன் இன்னும் கையை மூடவில்லை.