பந்து போடும் கை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒழுங்காகக் கும்பிடவும் தெரியாது, வையவும் தெரியாது. நாட்டுக்காகப் பந்தும் போட்டு, மட்டையும் பிடித்து எத்தனையோ ஆட்டங்களைக் காப்பாற்றினவன் எங்கள் எதிர்வீட்டு மகுடபதி. போன வாரம் அவன் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினவர்கள், நேற்று ஒரு கேட்ச்சை விட்டதற்காக இன்று அரிவாளோடு வந்து ஜன்னல்களை நொறுக்கினார்கள். நெற்றியில் ரத்தம் வழிய வெளியே வந்த மகுடபதி, கேட்டின் மேல் இரண்டு கையையும் நீட்டி வைத்தான்.

"வெட்டுங்கடா."

"பந்து போடற கையை வெட்டு!"

"லூசாடா? ஞாயித்துக்கிழமை மேட்ச்ல விக்கெட்டை உங்கப்பனா எடுப்பான்? இடது கையை வெட்டு!"

"அப்புறம் மட்டையை எதால பிடிப்பான், முண்டம்!"

அவர்களுக்குள்ளேயே அடிதடியாகி ஒருவன் மண்டை பிளந்தது. அரிவாள்காரன் மகுடபதியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான்.

"ஜெயிச்சிருவோம்ல தலைவா?"

பிறகு தெருவில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போ பெரிசு" என்றான்.

"ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.