மயில்கழுத்து நிறத்தில் ஒரு போன்

அந்த போனின் முதுகு மயில்கழுத்து நிறம். அந்த நிறத்துக்காகவே கோகுல்நாத் பதினோரு ரிவ்யூ வீடியோ பார்த்து, முன்பதிவு செய்து வாங்கினான். வாங்கிய அன்றே தடித்த கறுப்பு கவர் ஒன்றையும் மாட்டிவிட்டான்.

“கொஞ்சம் விலகேன். என் நிறத்தை அவர் ஒரு தடவை பார்க்கட்டும்” என்றது போன்.

“கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது? பொறுமையா இரு. உனக்கும் ஒரு நாள் வரும்” என்றது கவர்.

போன் இரண்டு வருடம் பொறுத்திருந்தது. இடையில் இரண்டு முறை மாடிப்படியில் விழுந்தது. இரண்டு முறையும் அடி கவருக்குத்தான்.

ஒருநாள் கோகுல்நாத் அதைக் கடைக்குக் கொண்டுபோய் கவரைக் கழற்றினான். கடைக்காரர் போனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடேயப்பா, என்ன கலர் சார் இது! புத்தம் புதுசா இருக்கு. இதையா எக்ஸ்சேஞ்சுல போடுறீங்க?”

“புது மாடல்ல செம்பருத்திச் சிவப்பு விட்டிருக்கான். அதுக்காகத்தான்.”

மேசைமேல் கீறல்களோடு கிடந்த கவர் மெல்லச் சொன்னது: “நான் சொன்ன நாள் வந்துடுச்சு.”

போன் பதில் சொல்வதற்குள் கோகுல்நாத் கடைக்காரரிடம் திரும்பினான்.

“அப்படியே புதுசுக்கு ஒரு கறுப்பு கவர் போட்டுக் கொடுத்துடுங்க.”