பதினேழா, பதினெட்டா?

திருப்பனந்தாள் பக்கம் ஒரு அரிசி ஆலை. வரும் நெல்லின் ஈரப்பதத்தைப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று அங்கே கம்ப்யூட்டர்தான் முடிவு சொல்லும். அந்த புரோகிராமைக் கவனிப்பவள் குந்தவை.

"வைத்தியலிங்கம்னு ஒருத்தர் ரெண்டு நாளா வாசல்ல சத்தம் போடுறார்," என்றார் மேனேஜர் பிரபு. "பதினெட்டு சதவீதம் வரைக்கும் எடுப்போம்னு போர்டு வச்சிட்டு, பதினேழரை இருந்த நெல்லைத் திருப்பி அனுப்பிட்டோமாம். இனிமே அவர் நெல்லே வேணாம்னு சொல்லிடலாமா?"

குந்தவை புரோகிராம் ஃபைலைத் திறந்தாள். பதினெட்டு என்றுதான் இருந்தது.

"அப்ப அவர் பொய்தான் சொல்றார்."

"இருங்க சார். இது ஃபைல்ல இருக்கிறது. இப்ப ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமையே, அது எந்த வரிகளை வச்சு ஓடுதுன்னு காட்டச் சொல்லிப் பார்க்கிறேன்."

ஒரு வரி தட்டினாள். திரையில் வந்த வரிகளில் பதினேழு என்று இருந்தது.

"திங்கட்கிழமை ஃபைல்ல பதினெட்டுன்னு மாத்தினேன். புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட விட மறந்துட்டேன். அது பழசை வச்சே ஓடிக்கிட்டிருக்கு. தப்பு என்னோடது சார்."

பிரபு திரையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அவருக்கு ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க, நானே பேசறேன்."

குந்தவை தயங்கினாள். பிறகு தன் செல்போனை எடுத்து அழைத்தாள். பிரபு வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் முந்திக்கொண்டது.

"என்னம்மா குந்தவை, நான் உன் அப்பான்னு மேனேஜர்கிட்ட சொல்லிடலையே? உன் வேலைக்கு வம்பு வந்துடப் போகுது."

பிரபு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செல்போன் பக்கம் குனிந்தார்.

"அவங்க சொல்லலைங்க. நீங்க நெல்லை எடுத்துட்டு வாங்க."