மூன்றாம் மாடிக்கு எட்டாத சிக்னல்

மறதி நோய்க்காகச் சற்குணத்தின் மூளையில் பொருத்தியிருந்த சில்லு, வைஃபை வழியாகத்தான் அவருக்கு அண்மைக்கால நினைவுகளைத் தந்தது. மூன்றாம் மாடிக்கு சிக்னல் எட்டாது. அங்கே ஏறினால், மகள் விபத்தில் இறந்தது அவருக்கு மறந்துபோகும். கல்லூரியிலிருந்து வருவாளென்று ஜன்னலோரம் காத்திருப்பார். மனைவி கோமளா ஒவ்வொரு முறையும் பதறியோடிப்போய் இறக்கிவருவாள். பொறுக்கமாட்டாமல் மாடிக்கும் சிக்னலை எட்டவைக்கும் ரிப்பீட்டர் ஒன்றை அங்கே மாட்டவைத்தாள்.

அன்று மாலை அவர் மேலே ஏறியதுமே அலறல் கேட்டது.

"கோமளா, இங்கயும் பாப்பா செத்துட்டாளே!"

வேண்டுமென்றேதான் இத்தனை நாளும் ஏறியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய் ரிப்பீட்டரைப் பிடுங்கினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவை எட்டிப்பார்த்தார்.

"இன்னும் காணோமே?"

"பஸ் கெடச்சிருக்காதுங்க," என்று கோமளாவும் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.