பிடரியில் கை வைக்காதே

"முதல் பனி விழட்டும். செவலையை வெட்டிடலாம்னு இருக்கேன்" என்றான் ஒச்சிர், உப்புப் பால் தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

அவன் மனைவி நம்ஜில்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"எதை வெட்டுவே? என் குதிரையையா?"

"உன் குதிரைதான். ஏறி உக்கார ஆளில்லாத குதிரை கறிக்குத்தானே ஆகும்? ஆறு மாசக் குளிர்காலம் புள்ள. வீட்டுல நாலு வாய் இருக்கு."

"கால் நல்லாயிடுச்சுன்னு வைத்தியரே சொல்லிட்டுப் போனாரே!"

"அதுக்கு நல்லாயிடுச்சு. உனக்குத்தான் இன்னும் ஆகலை."

நம்ஜில்மாவுக்குச் சுரீரென்றது. போன வருஷம் இலையுதிர் காலத்தில், முழு ஓட்டத்தில் போகும்போது செவலையின் முன்னங்கால் தரையணில் தோண்டிய வளைக்குள் இறங்கிவிட்டது. குதிரைக்குத் தசைநார் கிழிந்தது. அவளுக்குத் தலையில் அடி. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்தாள்.

அவர்கள் மந்தை மேய்க்கும் புல்வெளியில் அவளைப் போலக் குதிரை ஓட்டும் பெண் கிடையாது என்று பேர். ஆனால் பிழைத்து வந்த பிறகு, ஒச்சிரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் மந்தைக்குப் போனாள். குதிரைப் பந்தயம் நடக்கும் நாதம் திருவிழாவைக்கூட இந்த வருஷம் தரையில் நின்றுதான் பார்த்தாள். செவலைக்குத் தண்ணீர் வைப்பதானாலும் வாளியை எட்ட வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

"அப்ப வேற யாராவது ஏறட்டும். பக்கத்துக் கூடாரத்து பல்தான் அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அந்தத் தடியனா? அவன் ஏறினா குதிரை படுத்துரும். நீ ஏறு, இல்லேன்னா கத்தியை எடுக்கிறேன். ரெண்டுல ஒண்ணு."

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா? பல்தான் அண்ணன் அவரோட கிழட்டு மயிலைக் குதிரைக்கு நீலப் பட்டுத் துணியைக் கட்டி, சாமிக்கு நேர்ந்து விட்டிருக்காரு. சாகிற வரைக்கும் அதும்மேல கத்தி படாது. செவலைக்கும் அப்படி ஒரு துணியைக் கட்டிவிட்டா என்ன குறைஞ்சு போயிடுவே?"

ஒச்சிர் வாய்விட்டுச் சிரித்தான். "துணியைக் கட்டினா சாமி வந்து மேய்க்குமா? போ புள்ள!"

சாமி, லாமா என்றாலே கேலி பேசுகிற ஆள். அவனிடம் போய்க் கேட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"இன்னும் பன்னெண்டு நாள்ல குளிர்கால மேய்ச்சலுக்கு இடம் மாத்தணும். அதுக்குள்ள ஆறு வரைக்கும் செவலையை ஓட்டிட்டு வந்துட்டேன்னா?"

"நடத்திக் கூட்டிட்டு வந்தா செல்லாது. ஓட்டமா ஓட்டணும்."

"ஓட்டறேன்யா. அன்னைக்கு உன் கத்தியை ஆத்துல வீசறேன்."

முதல் நாள் செவலையின் மூக்கைத் தொட்டதோடு சரி. தொட்டவளும் நடுங்கினாள், குதிரையும் நடுங்கியது. மூன்றாம் நாள் ஒச்சிர் சேணம் போட்டுக் கொடுக்க, வியர்வை வழிய ஏறி உட்கார்ந்தாள். அவன் கயிற்றைப் பிடித்து நடத்தினான்.

மற்ற குதிரைகளுக்கெல்லாம் வசந்தத்திலேயே பிடரி மயிரைக் கத்தரித்தாகிவிட்டது. செவலைக்கு மட்டும் புதராக மண்டிக் கிடந்தது.

"இதுக்கு ஏன் வெட்டலை?"

"சாகப்போற குதிரைக்குச் சவரம் ஒரு கேடா? பிடரியில கை வைக்காதே, மிரளும். சேணத்தைப் பிடி."

இந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயப்படக்கூட நேரமில்லாத அளவுக்கு ஆத்திரம். ஏழாம் நாள் கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

வளையைக் கண்ட இடத்திலெல்லாம் செவலை தயங்கி நின்றது. அவளுக்கும் மூச்சு நின்றது. "நீயும் பார்த்துக்கோ, நானும் பார்த்துக்கறேன்" என்று அதனிடம் சொல்லிச் சொல்லியே இருவரும் நடந்தார்கள். பத்தாம் நாள் அந்த நடை தானாகவே ஓட்டமாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை. ஆற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது செவலை காதுகளை மடித்துக்கொண்டு பறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. "ஹோ!" என்று கத்தினாள் நம்ஜில்மா. ஒரு வருஷமாக அவள் தொண்டையில் அடைத்துக் கிடந்த கூவல் அது.

திடீரென்று முன்னால் ஒரு வளை. நிறுத்த நேரமில்லை. செவலை எம்பித் தாவியது. அவள் சரிந்து, இரண்டு கைகளாலும் பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

குதிரை மிரளவே இல்லை. அழகாகக் கால் ஊன்றி ஓடிக்கொண்டே இருந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் விரல்களுக்குள் என்னவோ வழவழவென்று தட்டுப்பட்டது.

கூடாரத்து வாசலில் ஒச்சிர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தான். "பரவாயில்லையே! சரி, கறிக்கு ஏதாவது ஆட்டைப் பார்த்துக்கறேன்."

அவள் இறங்கவில்லை. சேணத்தில் உட்கார்ந்தபடியே பிடரி மயிரை ஒதுக்கிக் காட்டினாள். அடியில், தோலை ஒட்டி, ஒரு குளிர்காலத்துப் பனியில் நனைந்து வெளுத்துப்போன நீலப் பட்டு முடிச்சு.

"இதை எப்போய்யா கட்டினே?"

ஒச்சிரின் காது இரண்டும் சிவந்தன. குனிந்து, கழன்று போகாத செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"நீ கண்ணைத் தொறக்காம கிடந்தியே, அந்த நாலாம் நாள்."